அந்த நாய் உயிரோடு இருக்க வேண்டும்

தோட்டத்தில் கீழ் வரிசை வீடுகளான பணிய லயத்துக்குப் பின்னால் இருந்த மலை ஒரு மழைக்காலத்தில் விரிசல் விட்டது. அதிகாரிகள் வந்து பார்த்து, இனி இங்கே யாரும் தங்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சில நாட்களிலேயே அங்கிருந்த குடும்பங்கள் பெயர்ந்தன. பாதிப்பேர் மேலே இருக்கும் எங்கள் லயத்தில் சொந்தக்காரர்களின் ஒற்றையறைக் காம்பராக்களில் ஒண்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் வேலை தேடிக் கொழும்புப் பக்கம் போனார்கள். கட்டில், டீவி, அலுமாரி, சாமி படம் எல்லாம் லொறியில் ஏறின. நாய்கள் ஏறவில்லை. வாடகை வீட்டில் நாய்க்கு யார் இடம் கொடுப்பார்கள்?

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில் றொசல்லவுக்கு மேலே இருக்கிறது. நான் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு இறங்கும் பாதை பணிய லயத்தின் வாசல்களை ஒட்டித்தான் போகிறது. வேறு வழியில் போனால் ரோட்டைச் சுற்ற வேண்டும். பிள்ளைகள் வந்து கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார்கள். அதனால் ஆளில்லாத அந்த லயத்தைத் தினமும் கடந்தேன். ஆட்கள் இருந்த காலத்தில் அந்த நாய்கள் என்னைப் பார்த்தால் வாலை ஆட்டிவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ளும். ஆட்கள் போன புதிதில் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் ரொட்டித் துண்டு போட்டார்கள். பிறகு அதுவும் குறைந்தது. நாய்கள் மெலிந்தன. தனித்தனியாகக் கிடந்தவை ஒரு கூட்டமாகச் சேர்ந்தன. யார் வந்தாலும் எழுந்து நிற்கத் தொடங்கின.

அன்று காலை தூறல். நேரமாகிவிட்டது என்று வேகமாக இறங்கினேன். ஒரு கையில் குடை, மறு கையில் போன். லயத்தின் நடுவில் வந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் இரண்டு நாய், பக்கத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள்ளிருந்து இன்னும் இரண்டு. நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த செவலை நாய் உறுமியது. நான் திரும்பி ஓடினேன். நாலடி கூட ஓடியிருக்க மாட்டேன், கெண்டைக்காலில் சூடாக ஏதோ இறங்கியது. விழுந்தேன். காலைக் கவ்வியிருந்தது அந்தச் செவலை. குடை ஒரு பக்கம் உருண்டு போனது. நான் போட்ட சத்தத்தில் மலையிலிருந்த பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டே ஓடி வந்தார்கள். நாய்கள் விலகின.

மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீருக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"காப்பித்தூள் வச்சுக் கட்டுனா ரத்தம் நின்னுரும்" என்றாள் ஒருத்தி.

"ஒண்ணும் வைக்காத. சவுக்காரம் போட்டுக் கழுவு. நல்லா தண்ணி ஓடட்டும்" என்றாள் இன்னொருத்தி. அவளுடைய அண்ணன் மகளை முன்பு நாய் கடித்திருந்தது. அவளே என் காலை மடியில் வைத்துக்கொண்டு, நான் போதும் போதும் என்று சொல்லியும் விடாமல் கழுவினாள். வலியைவிட, அந்தக் குளிர்ந்த தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததுதான் இன்றும் நினைவில் இருக்கிறது.

என் கணவர் ஹட்டனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் இரும்புக் கடையில் வேலை செய்கிறார். பெண்கள் என்னை ஆட்டோவில் ஏற்றி அவருக்குப் போன் போட்டதும் முதலாளியே அவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். ஊசி போட்டார்கள். காயத்தைச் சுற்றிலும் போட்டபோது கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் சிங்களப் பெண். தெரிந்த தமிழில் நிதானமாகக் கேட்டார்.

"நாய் எங்க? உயிரோட இருக்கா?"

"இருக்குங்க மிஸ். தோட்டத்துலதான் இருக்கு."

"அடிக்க வேணாம். கொல்ல வேணாம். ரெண்டு கிழமை, பதினாலு நாள் பாருங்க. நோய் வந்தா, செத்தா, காணாமப் போனா, உடனே வந்து சொல்லுங்க."

ஊசிகளைத் தவறாமல் போட்டால் ஒன்றும் ஆகாது என்று அடுத்த ஊசிகளுக்கு வரவேண்டிய நாட்களையும் சொல்லி அனுப்பினார். வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைகளையே யோசித்துக்கொண்டு வந்தேன். என்னைக் கடித்த நாய் நன்றாக இருக்க வேண்டும் என்று நானே வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது பக்கத்துக் காம்பராக்காரர் வாசலில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார். மனைவியை இழந்தவர், கான் வெட்டும் வேலை, ஒரு மாடு, அவ்வளவுதான் அவருடைய உலகம். அதிகம் பேசமாட்டார். பேசினால் அது முடிவான பேச்சாக இருக்கும்.

"நாளைக்கு அந்த நாய் இருக்காது டீச்சர். நான் பாத்துக்கிறேன்."

என் கணவர் பதறிப்போனார். "ஐயோ, அது மட்டும் வேணாம்ணே. அந்த நாயைப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. அதுக்கு நோய் இருக்கான்னு தெரிஞ்சாத்தான் இவங்களுக்கு ஆபத்தா இல்லையான்னு தெரியுமாம்."

"கடிச்ச நாய்க்குக் காவலா? நல்ல கூத்துதான்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். கத்தியை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. அவர் கோபம் தணிந்த மாதிரியும் இல்லை.

பள்ளிக்கு லீவு சொன்னேன். மறுநாளிலிருந்து காவல் தொடங்கியது. பணிய லயத்துக்கு மேலே பாதை வளையும் இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் எல்லா வாசலும் தெரியும். முதலில் கணவர் கூட வந்தார். கால் கொஞ்சம் ஊன்ற முடிந்ததும் நான் தனியாகப் போய் உட்கார்ந்தேன். செவலை நாய் எப்போதும் கடைசிக்கு முந்திய காம்பராவின் படியில்தான் படுத்திருந்தது. கதவில் பூட்டுத் தொங்கியது. அது எழுந்து நடப்பதைப் பார்த்தால் எனக்கு மூச்சு வரும். படுத்தே கிடந்தால் அது எழும்வரை பாறையைவிட்டு இறங்கமாட்டேன்.

அங்கே சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் மற்றவர்கள் அந்த இடத்தை எப்படிக் கடக்கிறார்கள் என்று கவனித்தேன். கொழுந்து எடுக்கும் பெண்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டு போவார்கள். நாய்கள் தலையைக்கூடத் தூக்காது. தனியாக வருகிறவர் நிதானமாக, நாய்களை முறைக்காமல் நடந்தால் குரைத்துவிட்டு விட்டுவிடும். பயந்து வேகம் எடுத்தால் பின்னாலேயே போகும். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் காலைத் தூக்கி உதைத்தார். மறுநாள் அவருடைய வண்டிச் சத்தம் வளைவில் கேட்டதுமே எல்லாம் பாய்ந்தன. பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பன்னும் விற்க வரும் ஆட்டோவைத் துரத்தவே இல்லை, அதன் பின்னால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடின. யாரைத் துரத்தினாலும் லயத்தின் கடைசிக் கானோடு நின்றுவிடும். அதற்கு அந்தப் பக்கம் அவற்றுக்கு வேலை இல்லை. இத்தனை வருடம் அந்தப் பாதையில் நடந்திருக்கிறேன், இதில் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

ஒரு நாள் அந்தப் பூட்டிய காம்பராவில் இருந்த பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் இப்போது கொழும்புப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் இருக்கிறாள். நாய்க்கு முன்பு தடுப்பூசி போட்டார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"குட்டியில ஒரு தடவை போட்டாங்க டீச்சர். அப்புறம் இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அது யாரையும் கடிச்சதில்லையே டீச்சர்" என்றாள்.

நான் கெண்டைக்காலில் இருந்த கட்டைத் தடவிக்கொண்டேன்.

"சாப்பாட்டுக்கு என்னா பண்ணுது?"

கொழுந்துக்குப் போகிறவர்கள் எப்போதாவது ஏதாவது போடுகிறார்கள் என்றேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மேற்பார்வையாளர் கூப்பிடுகிறார் என்று சொல்லிப் போனை வைத்தாள். அவள் மேல் கோபப்படத்தான் போன் செய்தேனோ என்று பிறகு தோன்றியது. கோபம் வரவில்லை.

இரண்டாவது கிழமை நடுவில் ஒரு காலை, படியில் நாய் இல்லை. மற்ற நாய்கள் இருந்தன. காத்திருந்து பார்த்தேன். கணவரைக் கூப்பிட்டேன். அவர் வேலைக்குப் போகாமல் கானுக்குள்ளும் தேயிலை நிரைகளுக்குள்ளும் தேடினார். கடைசியில் லயத்தின் காம்பரா காம்பராவாகக் கதவுச் சந்தில் எட்டிப் பார்த்தார். எங்கும் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். வெறிநாய் நோய் வந்தால் தண்ணீர் இறங்காது என்பார்கள், தொண்டையில் இறங்குகிறதா என்று கவனித்துக்கொண்டே குடித்தேன். இறங்கியது. ஆனாலும் இன்னொரு டம்ளர் குடித்துப் பார்த்தேன். ஊசி போட்டாயிற்று, ஒன்றும் ஆகாது என்று நர்ஸ் சொன்னது மனதுக்குத் தெரியும், உடம்பு கேட்கவில்லை.

கணவருக்குச் சந்தேகம் முழுவதும் பக்கத்துக் காம்பராக்காரர் மேல்தான். "அன்னிக்கே சொன்னாரு பாரு. கேட்டுட்டே வந்துர்றேன்" என்று கிளம்பினார். சண்டை வந்துவிடுமோ என்று நானும் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். அவர் மாட்டுப்பட்டியில் புல் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் தட்டிவிட்டு, "வாங்க" என்று மட்டும் சொன்னார்.

பட்டியின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, மாட்டுக் கயிற்றில் கட்டுண்டு கிடந்தது செவலை நாய். முன்னால் ஒரு பழைய சட்டியில் சோறு. என்னைப் பார்த்ததும் உறுமியது. அந்த உறுமல் அவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"பசங்க சிலபேரு விஷம் வைக்கிறதாப் பேசிக்கிட்டு இருந்தானுங்க" என்றார் அவர். "உங்க கெடு முடியிறதுக்குள்ள இது செத்தா என்னா பண்றது? அதான் கட்டிப்போட்டேன்."

"எப்படிண்ணே பிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"எங்க பிடிச்சேன். சோறு வச்சேன், பின்னாலயே வந்துருச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உயிரே போயிருச்சு எங்களுக்கு."

"சொல்லத்தான் நெனச்சேன் டீச்சர். வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்கு நேரமாயிருச்சு." அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது. என் கணவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "டீ ஊத்துறோம், வாங்கண்ணே" என்றார். அவர் வரவில்லை. மாடு காத்திருக்கிறது என்றார்.

கெடு முடிந்தது. நாய் நன்றாகவே இருந்தது. கொஞ்சம் சதை கூடப் போட்டிருந்தது. நர்ஸிடம் சொன்னபோது சிரித்து, "இப்ப அதுக்கும் ஊசி போடுங்க" என்றார். தோட்டத்துச் சங்கத் தலைவர்மாரிடமும் தோட்ட அதிகாரியான கண்டாக்கையாவிடமும் நாங்கள் சில பெண்கள் போய்ப் பேசினோம். ஒரு சனிக்கிழமை தடுப்பூசி போடுகிறவர்கள் வந்தார்கள். பக்கத்துக் காம்பராக்காரர் செவலையை மாட்டுக் கயிற்றிலேயே இழுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். இப்போது அது அவருடைய நாய். பணிய லயத்து நாய்களில் இரண்டு அதற்குள் காணாமல் போயிருந்தன. யார் செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பள்ளியில் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருவர் நாய், மற்றவர்கள் நடந்து போகிறவர்கள். நாய் குரைத்தால் எல்லோரும் தேயிலைச் செடி மாதிரி அசையாமல் நிற்க வேண்டும், கையை மடக்கி, கண்ணைக் கீழே போட்டு. விழுந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு சுருண்டுகொள்ள வேண்டும். நாய் மோந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் மெதுவாக நடக்கலாம். தூங்குகிற நாயையும் சாப்பிடுகிற நாயையும் தொடக்கூடாது. கீறல் பட்டாலும் வீட்டில் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை. நாயாக இருக்கத்தான் எல்லோருக்கும் ஆசை.

எனக்குப் பயம் போகவில்லை. ஹட்டன் பஸ் நிலையத்தில் நாய்கள் படுத்திருந்தால் சுற்றித்தான் போகிறேன். குடையை விரித்து எனக்கும் அவற்றுக்கும் நடுவில் பிடித்துக்கொள்கிறேன். வெயிலில் எதற்குக் குடை என்று கடைக்காரர்கள் பார்க்கிறார்கள். காலையில் வீட்டிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி, கொழுந்துக்குப் போகும் பெண்களோடு சேர்ந்து இறங்குகிறேன். அவர்கள் சம்பளத்தையும், மருமகள்களையும், முதல் நாள் இரவு நாடகத்தில் நடந்ததையும் பேசிக்கொண்டு வருவார்கள். பணிய லயம் வந்ததும் யாரும் சொல்லாமலே என்னை நடுவில் விட்டு நடப்பார்கள்.