வாய்க்காலுக்கு அக்கரையில் விட்ட பன்றிகள்

நான் படித்தது அஞ்சாங்கிளாஸ் வரைக்கும். பள்ளிக்கூடத்தில் ரொம்ப வருஷம் சத்துணவு ஆக்கினேன். பெரிய ஆபீசர் யாராவது வந்தால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன். கேட்டால் பதில் சொல்ல நாக்கு எழும்பாது. அந்தச் சுபாவம் என்னோடு போயிருந்தால் சரி. ஒரு பிள்ளையின் படிப்பையும் கெடுத்துவிட்டது.

எங்கள் தெருவுக்குப் பின்னால், ஆற்றுத் தண்ணீர் வருகிற வாய்க்கால் ஓரத்தில், பன்றி வளர்க்கிற குடும்பங்கள் கொஞ்சம் உண்டு. அவர்களுக்கென்று தனிப் பாஷை. வீட்டுக்குள் மட்டும் பேசுவார்கள். அதில் ஒரு பிள்ளை ஒண்ணாங்கிளாசிலிருந்து என் கையால் சாப்பிட்டவள். பக்கத்துப் பிள்ளைகள் தள்ளி உட்காரும். அவள் கண்டுகொள்ளாமல், "ஆச்சி, இன்னொரு கரண்டி" என்று தட்டை நீட்டுவாள். பன்னிரண்டாங்கிளாஸ் பாஸ் பண்ணி, நர்சுக்குப் படிக்கணும் என்றாள். அந்த வாய்க்கால் கரையில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் படித்தது கிடையாது.

பழங்குடி என்று சாதிச் சான்றிதழ் இருந்தால்தான் காலேஜில் இடம். அவள் அப்பாவுக்கே அது கிடையாது. எழுதிப் போட்டு, நடையாய் நடந்து, கடைசியில் ஒரு வியாழக்கிழமை அதிகாரி வீட்டுக்கே வந்து விசாரிப்பார் என்று தகவல் வந்தது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆபீசர் வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைப்போம். பார்க்கச் சுத்தமாக இருந்தால் நல்லபடியாக எழுதிவிட்டுப் போவார்கள். அதையே இங்கேயும் செய்யச் சொன்னேன். விடியவும் பன்றிகளை வாய்க்காலுக்கு அக்கரையில் விரட்டிவிட்டார்கள். வாசல் தெளித்து நானே கோலம் போட்டேன். என் வீட்டுக்காரர் விட்டுப்போன பட்டுக்கரை வேட்டியை அவள் அப்பாவுக்குக் கட்டக் கொடுத்தேன். "ஆபீசர் முன்னால உங்க பாஷை பேசிராதிய, நல்ல தமிழ்ல பேசுங்க" என்று சொல்லியும் கொடுத்தேன்.

அந்தப் பிள்ளை சிரித்தாள். "எப்பா, உனக்குப் பொண்ணு பாக்கவா வாராவ?"

"போடி அங்கிட்டு" என்று அவருக்கும் சிரிப்பு.

அதிகாரி வந்தார். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன்.

"பன்னி வளக்கிறோம்னு எழுதியிருக்கீரு. எங்கவே பன்னி?"

"இங்கன ஒண்ணும் இல்ல ஐயா."

"உங்க பாஷையில ரெண்டு வார்த்தை பேசும்."

அவள் அப்பா மரத்துப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். "நாங்க தமிழ்தான் ஐயா பேசுவோம்."

பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் பாஷையில் படபடவென்று என்னமோ சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"அப்பனுக்குத் தெரியாத பாஷை உனக்கு மட்டும் எங்கயிருந்து வந்துச்சு? பாடம் பண்ணிட்டு வந்தியோ?" கோலத்தையும் வேட்டியையும் பார்த்து எழுதிக்கொண்டார். "இவனும் பழங்குடியாம்."

நான்தான் சொல்லிக்கொடுத்தேன் ஐயா, அவர்கள் மேல் தப்பில்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜீப் போய்விட்டது.

பழக்கவழக்கம் ஒன்றும் பொருந்தவில்லை என்று காகிதம் வந்தது. அதற்குப் பிறகு மூன்று தடவை அந்த ஆபீசுக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். "என்ன விஷயம் பாட்டி?" என்று பியூன் கேட்டதும், "சும்மாதான்" என்று எழுந்து வந்துவிடுவேன். மூன்றாவது தடவை போனபோது காலேஜில் சேர்க்கை முடிந்திருந்தது.

அவள் அப்பா வேட்டியை அலசி மடித்துக் கொண்டுவந்தார். "வெசனப்படாதிய ஆச்சி, நல்லதுக்குத்தானே சொன்னிய" என்றார். ரெண்டு ஏச்சு ஏசியிருக்கலாம்.

அவள் இப்போது டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். காலையிலிருந்து நின்று கால் வீங்கி, எங்கள் தெரு வழியாகத்தான் வருவாள். "ஆச்சி, சாப்டியளா?" என்று கேட்பாள். "ஆச்சு" என்பேன். அவள் நடந்துவிடுவாள்.

அவள் தங்கச்சி இப்போது பத்தாங்கிளாஸ். போன வாரம் வந்து கேட்டாள்: "எனக்கும் ஆபீசர் வருவாவளா ஆச்சி? பன்னியை வாசல்லயே கட்டிப் போடட்டா?"

"கட்டிப் போடு" என்றேன்.

"அக்காவுக்கு நடந்ததை ஆபீசர்கிட்ட நீங்க வந்து சொல்லுவியளா?"

அடுப்பில் உலை கொதிக்கிறது என்று எழுந்து உள்ளே போனேன். அடுப்பு அணைந்துதான் கிடந்தது.