எத்தனாவது என்று கேட்டேன்

நர்சிங் முடித்த கையோடு நெய்வேலிக்கு வந்து ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு வயது இருபத்திரண்டு, வாய்க்கு மட்டும் நாற்பது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு.

சேர்ந்த நாலாம் நாள் மத்தியானம் ஒருத்தி வலியோடு வந்தாள். முப்பது வயதிருக்கும். புருஷன் சுரங்கத்தில் ஷிப்டில் இருந்தார்.

"எத்தனாவதும்மா?" என்றேன், பேனாவும் கையுமாக.

"ஏழுங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

கேஸ் ஷீட்டில் 'ஏழாவது பிரசவம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அந்தக் காலத்தில் ஏழு ஒன்றும் அதிசயமில்லை. ஏழாவது என்றால் கண்மூடித் திறப்பதற்குள் பிறந்துவிடும் என்று படித்திருந்தேன். வெந்நீர், கத்தரி, துணி எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு தயாராக நின்றேன். ஒரு மணி நேரம் நின்றேன். ஐந்து மணி நேரம் நின்றேன். அவளோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள்.

"பழகின சமாசாரத்துக்கு இவ்வளவு கூப்பாடா?" என்று அதட்டினேன். அவள் என்னை முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகமிருக்கிறது.

ஒருவழியாகப் பெண் குழந்தை பிறந்தது. தையல் போட வேண்டியிருந்தது. ஏழாவதுக்குத் தையலா என்று ஒரு கணம் தோன்றியது. குழந்தைக்குத் தலை பெரிசு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஷிப்ட் முடிந்து, உடம்பெல்லாம் கரிப்புழுதியோடு புருஷன் ஓடிவந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு வராந்தாவில் ஒரு சுற்று ஆடியே விட்டார். போகிற வருகிறவர் வாயிலெல்லாம் கற்கண்டைத் திணித்தார். ஏழாவது பெண்ணுக்கா இந்த ஆட்டம் என்று எனக்குச் சிரிப்பு. குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி எங்களுக்கு ஓதி ஓதி அனுப்பியிருந்தார்கள். இந்தக் கேஸை விடலாமா? இனிமேல் பிள்ளை வேண்டாம் என்கிற ஆபரேஷன் காகிதத்தை நீட்டினேன். என்ன ஏதென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார். இருந்த சந்தோஷத்தில் சொத்தையே எழுதி வாங்கியிருக்கலாம். டாக்டரம்மாவும் என் ஷீட்டைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஆபரேஷன் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டார்.

காலையில் பால் வண்டி வந்தது. அவளுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்றேன்.

"ஏன் நர்சம்மா? எல்லாரும் குடிச்சிக்கினு இருக்காங்க, எனக்கு மட்டும் இல்லையா?"

"ஆபரேஷனுக்கு வெறும் வயிறா இருக்கணும்."

"என்னா ஆபரேஷனு?"

"இதோட போதும்னுதான். ஏழு பெத்தாச்சு, இன்னும் வேணுமா?"

"யாருங்க ஏழு பெத்தது?"

"நீதானே சொன்னே! எத்தனாவதுன்னு கேட்டேன், ஏழுன்னு சொல்லலை?"

"அது எங்க பிளாக்குங்க! ஏழாவது பிளாக்கு. நெய்வேலில தெருவெல்லாம் பிளாக்கு நம்பர்தானே, இங்க எத்தனாவதுன்னா அதானே கேப்பாங்க? இது எனக்குத் தலைச்சன் புள்ளைங்க. பன்னெண்டு வருசம் கழிச்சிப் பொறந்திருக்குது!"

ஆபரேஷன் அறையில் கத்திகள் வெந்நீரில் கொதித்துக்கொண்டிருந்தன. ஓடினேன். செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது. கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம், "டாக்டர், ஏழு பிள்ளை இல்லை, ஏழு பிளாக்!" என்று கத்தினேன். முதலில் அவர் முகம் வெளுத்தது. பட்டியலில் பெயரை அடித்தார். என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். திட்டிக்கொண்டே இருந்தவருக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. திட்டுவதும் சிரிப்பதுமாக மாறி மாறி நடந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. தப்பித்தோம் என்ற சிரிப்பு அது, வயிறு வலிக்கும்வரை நிற்கவில்லை.

"போய் வேற ஷீட் எழுது. அதைக் கிழிச்சுப் போடு" என்றார்.

பாலோடு அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். விஷயத்தைக் கேட்டு அவளும் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பழைய ஷீட்டைக் கிழிக்கப் போனபோது சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"அதுல ஏழு பெத்தவன்னா எழுதியிருக்குது?"

"ஆமாம்."

"கிழிக்காதீங்க நர்சம்மா, எனக்குக் குடுங்க. பன்னெண்டு வருசமா மலடி மலடின்னு சொல்லிக்கினு இருந்தாங்க எங்க மாமியா. ஒரு வளைகாப்புலயும் என்னைக் கிட்ட சேக்கல. அவங்களுக்கு இதைப் படிச்சிக் காட்டணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் அழுகை முட்டியது. கேஸ் ஷீட்டை வெளியே கொடுக்கக் கூடாது என்பது சட்டம். கொடுத்தேன்.