கொட்டகை காலியாகும்வரை

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தோட்டத்துக்குள் இருந்த பிராய்லர் கோழிக் கொட்டகையைச் செல்வப்பிரியா தனியாகத்தான் பார்த்துக்கொண்டாள். கணவன் சந்துரு குமுளியில் ஒரு விடுதியில் சமையல்காரன். கோழிகளை விட்டுவிட்டு அவளால் போக முடியாது. சீசனில் அவனால் வர முடியாது. வளர்ந்த கோழிகளை லாரியில் ஏற்றி அனுப்பியதிலிருந்து அடுத்த குஞ்சுகள் இறங்கும்வரை உள்ள இடைவெளிதான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை.

இந்த மழைக்காலத்தில் அவளே குமுளிக்குப் போவதாக இருந்தது. புது ஜாக்கெட்கூடத் தைத்து வைத்திருந்தாள்.

அப்போதுதான் கோழிகள் நடக்காமல் உட்கார ஆரம்பித்தன. தூக்கிப் பார்த்தால் உள்ளங்காலில் கருகிய புண். தீவனத் தட்டுவரை போகாததால் எடை ஏறவில்லை. லாரி தள்ளிப்போனது. தரையில் மெத்தையாகப் பரப்பிய தேங்காய் நார் மஞ்சியைக் கிளறி, புதிதாகப் போட்டாலும் மறுநாள் மறுபடி ஈரம்.

கால்நடை டாக்டர் ஜிஜோ வந்து பார்த்தார். “தண்ணி ரொம்பக் குடிக்குதா சேச்சி?”

“ஆமாங்க. புதுத் தீவனம் வந்ததுல இருந்து டேங்க்ல தண்ணி நிக்கறதே இல்லைங்க.”

“உப்பு கூடிப்போச்சுன்னு தோணுது. தண்ணியாக் கழிஞ்சு, அந்த ஈரத்துலயே நின்னு கால் வெந்துபோகுது. தோல் உறுதிக்கு ஜிங்க்கும் பயோட்டினும் வேணும். அதுவும் போதாது போல.”

தீவனத்தைப் பரிசோதித்ததிலும் அப்படியே வந்தது. தீவனத்தை மாற்றி, தண்ணீரில் சத்து மருந்து கலந்தார்கள்.

“எப்பப் புள்ள வர்றே? மழை விட்டா இங்க கூட்டம் வந்துரும்” என்றான் சந்துரு போனில்.

“கால் ஆறோணுமுங்களே.”

அவனுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம். போனை வைக்க மனமில்லாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மஞ்சி மெல்லக் காய்ந்தது. புண்கள் பக்குக்கட்டின. சில கோழிகள் எழவேயில்லை. மற்றவை தட்டுக்கு நடந்தன. லாரி புறப்பட்டதும், கொட்டகையைக் கழுவும் வேலையைப் பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறினாள். பழனி, தேனி, கம்பம் என்று மாறி மாறி மலையேறியபோது குமுளியில் பளிச்சென்று வெயில் அடித்தது. தெருவெல்லாம் சுற்றுலா வண்டிகள்.

பஸ் நிலையத்துக்கு ஓடிவந்த சந்துருவின் கையில் மாவு காய்ந்திருந்தது. “இன்னைக்கு லீவு தரலை” என்றான்.

“பரவால்லைங்க. நானும் அங்கயே வர்றேன்.”

சமையலறைப் பின்வாசலில் உட்கார்ந்து அவள் வெங்காயம் உரித்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் அவன் தெரிந்தான்.