சூசைமேரி நம்பாத பட்டியல்

காரைக்குடியில் ஒரு தனியார் ரத்த வங்கியின் கம்ப்யூட்டர் அறையை 1998-ல் கவனித்து வந்தவர் சூசைமேரி. கண்டரமாணிக்கத்துக்காரர். பதினோரு வருடம் கோர்ட் வாசலில் மனு டைப் அடித்துக் கொடுத்தவர். அடிக்கும்போதே இதில் எது பொய்யாக இருக்கும் என்று யோசிப்பது அங்கே படிந்த பழக்கம்.

தினமும் காலை ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் தானாகவே டெலிபோன் லைனில் மதுரைத் தலைமை அலுவலகத்தைப் பிடிக்கும். பாஸ்வேர்டைத் தானே கொடுத்து உள்ளே போய், ஐந்து ஊர்க் கிளைகளில் எதில் எந்த வகை ரத்தம் எத்தனை பாட்டில் என்ற புதுப் பட்டியலைக் கொண்டுவரும்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பட்டியல் அவருக்கு உறுத்தியது. சனிக்கிழமை எடுத்த பிரிண்டோடு ஒப்பிட்டார். ஒரு பாட்டில்கூட மாறவில்லை. நாலு நாளாக ஐந்து ஊரிலும் யாருமே ரத்தம் கொடுக்கவில்லையா, வாங்கவில்லையா?

மதுரைக்குப் போன் போட்டார். அங்கிருந்த ராஜப்ரியா பதிவைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் காரைக்குடி உள்ளயே வரலையேக்கா."

"வந்துச்சேம்மா. பாஸ்வேர்டு குடுத்துப் பட்டியலும் வாங்கிருச்சு."

"எங்ககிட்ட வாங்கலக்கா."

அப்படியானால் தினமும் நம் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு பட்டியல் கொடுப்பது யார்? வெள்ளிக்கிழமை மதியம் அந்த மெஷினைத் தொட்டவர் சர்வீஸ்காரர் நவநீதகிருஷ்ணன் ஒருவர்தான். ஃப்ளாப்பியிலிருந்து எதையோ ஏற்றிவிட்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பியவர். யாருக்கு விலைபோனாரோ? உடனே வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து ஐயனார் என்பவர் ஓடிவந்தார். பிரசவத்தில் மனைவி பொன்னுத்தாயிக்கு ரத்தம் நிற்கவில்லை, பி நெகட்டிவ் வேண்டும் என்றார். பட்டியலில் திருப்பத்தூரில் இரண்டு பாட்டில் இருந்தது. அங்கே கிளம்ப ஐயனாரின் கார் வாசலில் நின்றது.

"இருங்க, கெளம்பாதீக," என்று சூசைமேரி முதலில் திருப்பத்தூருக்குப் போன் போட்டார்.

"அது ஞாயித்துக்கிழமையே போயிருச்சே."

மதுரையிலிருந்து ராஜப்ரியா போனில் படித்துச் சொன்ன அன்றைய பட்டியலில் புதுக்கோட்டையில் மூன்று இருந்தது. அங்கேயும் கேட்டுக்கொண்ட பிறகே சூசைமேரி ஐயனாரை அனுப்பினார். மதியத்துக்குள் ரத்தம் வந்தது. தாயும் பெண் குழந்தையும் பிழைத்தார்கள்.

நவநீதகிருஷ்ணன் வந்து மெஷினைத் திறந்தார். எந்த மெஷினின் பெயருக்கு எந்த எண் என்று உள்ளே ஒரு சின்ன ஃபைல் உண்டு. அந்த எண்ணை வைத்துத்தான் இங்குள்ள மெஷின் மதுரை மெஷினைத் தேடிப் போகும். அதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. வியாழக்கிழமை மதுரையில் மெஷினை மாற்றி, புது எண் அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவர் ஏற்றிய ஃப்ளாப்பியில் இருந்த பழைய ஃபைல் அதன்மேல் பதிந்துவிட்டது. மதுரையிலோ பழைய மெஷினை யாரும் அணைக்கவில்லை. ஸ்டோர் ரூமில் கிடந்தபடி அது பாஸ்வேர்டைச் சரிபார்த்து, வியாழக்கிழமைப் பட்டியலையே நீட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் பாக்காமப் போட்டுட்டேன்," என்றார். பிறகு மெதுவாக, "என்னையத் திருடன்னு நெனச்சீகளாக்கா?"

"நெனச்சேன். இல்லைன்னு சொன்னாப் பொய்."

அவர் எண்ணைத் திருத்தினார், பாஸ்வேர்டை மாற்றினார், கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் சூசைமேரி அவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். "சரிக்கா" என்றதோடு சரி.

அதன்பின் சர்வீசுக்கு வரும்போதெல்லாம் நவநீதகிருஷ்ணன் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காந்து பாத்துக்கங்க" என்பார். மாற்றும் ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துக் காட்டுவார். அது அக்கறையா, குத்தலா என்று சூசைமேரிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.