நாற்பதாவது குண்டூசி

என் அக்கா புருஷன் தையல்காரர். கோட் தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிடிவாதத்திலும் அப்படித்தான். அளவு பார்க்கும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார். வாயில் ஊசி வைக்காதீர்கள் என்று அக்கா முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். இந்த விஷயத்தில் மட்டும் எப்போதும் அக்கா கட்சி.

கடை சாத்துமுன் குண்டூசிகளை எண்ணுவது மாமாவின் வழக்கம். தைத்த துணியோடு ஓர் ஊசிகூட வெளியே போய்விடக் கூடாது. எப்போதும் நாற்பது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் முப்பத்தொன்பதுதான் இருந்தது. காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் துழாவியும் கிடைக்கவில்லை. அதே வாரம் அவருக்குச் சாப்பாடு தொண்டையில் நிற்க ஆரம்பித்தது. காலையில் தின்றது மத்தியானம் அப்படியே வாய்க்குத் திரும்பி வரும். தண்ணீர் குடித்தால் கழுத்துக்குள் களகளவென்று சத்தம். ஊசியை விழுங்கிவிட்டோம் என்று மனுஷன் தீர்மானித்துவிட்டார். அக்காவிடம் சொன்னால் முப்பது வருஷத்துத் திட்டும் மொத்தமாக வந்து விழுமே என்று மூச்சு விடவில்லை.

வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்தினார். காலையில் பசியில்லை, ராத்திரி கடையிலேயே ஆயிற்று என்று ஏதாவது சொல்வார். தன் சமையல் அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று அக்கா நினைத்தாள். எண்ணெயைக் குறைத்துப் பார்த்தாள், காரத்தைக் கூட்டிப் பார்த்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, தனக்கு மட்டும் ஒரு தட்டு எடுத்து வைக்கப் பழகிக்கொண்டாள். வேறு எங்கேயோ நல்ல சாப்பாடு கிடைக்கிறது போல என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குட்டை உடைத்தது அவருடைய கால்சட்டை. துவைப்பதற்காக அக்கா அதை உள்பக்கம் திருப்பியபோது, இடுப்புப் பட்டியில் பிரித்த தையலின் துளைகள் மூன்று வரிசையாக இருந்தன. மெலிவது யார் கண்ணிலும் படாதபடி, உடம்பு குறையக் குறையத் துணியையும் பிடித்துத் தைத்துக்கொண்டே வந்திருக்கிறார், கெட்டிக்காரர்.

"வெளிய நல்லா சாப்பிடற மனுஷனுக்கு இடுப்பு ஏன்டா சுருங்குது?" என்று அக்கா என்னைக் கேட்டாள். நான் நேரே கடைக்குப் போனேன்.

துணி போட்டுப் பார்க்கும் அறையின் திரையை விலக்கினேன். மாமா உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையால் கழுத்தை அமுக்கியபடி, தண்ணீரில் நனைத்த ரொட்டியோடு போராடிக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கடையைச் சாத்த வைத்து, கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

வெள்ளையாக ஒரு மருந்தைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் ஊசி இல்லை. உணவுக்குழாயின் மேல்முனையில் பின்பக்கச் சுவர் பிதுங்கி, ஒரு பை தொங்கியது. தின்பதெல்லாம் அதில்தான் போய்த் தேங்குகிறது என்றார் டாக்டரம்மா. கழுத்தைக் கீற வேண்டாம். வாய்வழியாகவே கருவியை விட்டு, பைக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் சுவரை வெட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். வெட்டும்போதே அந்தக் கருவி ஸ்டேப்ளர் போல இரண்டு ஓரத்திலும் பொடிப் பொடிப் பின்களை அடித்துவிடுமாம்.

மாமாவின் முகம் தெளிந்தது. வெட்டிய ஓரம் பிரியாமல் அடிக்கிறார்கள், வேலை தெரிந்தவர்கள்தான் என்று என் காதைக் கடித்தார். அந்தப் பின்கள் உள்ளேயே இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதும் மறுபடி முகம் மாறியது.

"உங்க அக்காகிட்ட இத மட்டும் சொல்லிடாதப்பா" என்றார். நான் அன்றைக்கே ஒன்று விடாமல் சொன்னேன்.

ஆபரேஷன் அன்று அக்கா ஸ்ட்ரெச்சரோடு கூடவே நடந்தாள். கதவுக்கு முன்னால்தான் வாயைத் திறந்தாள்.

"ஊசிய முழுங்கிட்டேன்னு சொல்லியிருந்தா திட்டியிருப்பேன், அவ்வளவுதானே. ரெண்டு வருஷமா என்னைத் தனியா சாப்பிட வச்சுட்டீங்களே."

மாமாவை உள்ளே கொண்டுபோன பிறகு அவள் என் கையைப் பிடித்தாள். விரல்கள் மரத்துப்போகிற அளவுக்குப் பிடித்தாள்.

ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. முதலில் தண்ணீர் மட்டும், அப்புறம் கஞ்சி, சூப். இரண்டு வாரம் கழித்து அக்கா என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்று தட்டு வைத்து, முதலில் அவருக்குப் பரிமாறினாள். மாமா நிதானமாக மென்று விழுங்கினார். ஒவ்வொரு வாய்க்கும் அவள் கண் அவர் கழுத்திலேயே இருந்தது. களகள சத்தம் இல்லை. தட்டு காலியானதும் அதை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் போடு."

அக்கா எழுந்து அடுப்புப் பக்கம் போய், பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டாள். திரும்பி வந்து, அதை வழித்து, இருந்தது முழுவதையும் அவர் தட்டில் போட்டாள். என் தட்டு காலியாகவே இருந்தது.