என் மாப்பிள்ளையாக நடித்த நாய்

என் தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். முதல் மாடிக்குக்கூடப் படியேற மாட்டார். லிஃப்ட் பழுதாகிக் கிடந்தால் அதைச் சரிசெய்துவிட்டு, பிறகு அதிலேயே மேலே போவார். அப்படிப்பட்டவர் பதினோரு வருடங்களுக்கு முன் என்னோடு அறுபத்திரண்டு நாள் காடும் மலையுமாக நடந்தார், என் கணுக்கால் பிசகியபோது மூன்று நாள் என்னை முதுகில் சுமந்தார் என்றால் யார் நம்புவார்கள்? என் தங்கை நம்பவில்லை. ஏதோ விடுதியில் சீட்டாடிவிட்டு வந்து நாங்கள் கதை அளக்கிறோம் என்பது அவள் தீர்ப்பு.

அந்த நடையைப் புத்தகமாக எழுதினேன். அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதைப் படமெடுக்க ஆள் வந்ததும் மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

"திரையில பார்த்தாலாவது உங்க தங்கச்சி நம்புவா மச்சான்."

மூவரும் முதல் நாளே போனோம். அறுபத்திரண்டு நாளும் கதாநாயகன் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு நடந்தார். அருவி கண்ட இடமெல்லாம் பாட்டு. காலில் ஒரு கொப்புளம் இல்லை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மாப்பிள்ளையைத்தான் காணோம். அவர் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு நாய் இருந்தது. காலொடிந்த கதாநாயகனைச் சட்டையைக் கவ்வி மூன்று நாள் இழுத்தது.

"ரெண்டு ஆம்பளைங்க நடந்தா யார் சார் பார்ப்பாங்க?" என்று தயாரிப்பாளர் கேட்டபோது, நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இடைவேளையில் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"நாய் நல்லாத்தான் நடிச்சிருக்கு," என்றார் மாப்பிள்ளை.

பிறகு, கூடாரத்தில் அந்த நாய் குறட்டை விட்டது. மூன்று முறை ஏறி, மூச்சு நின்று, கடைசியில் ஒரு விசில். என் புத்தகத்திலிருந்த அத்தனையையும் தூக்கி எறிந்தவர்கள் அதை மட்டும் எழுதியபடியே வைத்திருந்தார்கள். அரங்கமே சிரித்தது. என் தங்கை சிரிக்கவில்லை.

படம் முடிந்து வெளியே வந்ததும் அவரை நிறுத்தினாள்.

"அந்த விசில் உங்களோடது. உடம்பு முறிய வேலை செஞ்ச அன்னிக்கு மட்டும்தான் வரும். கூடப் படுக்கிறவளுக்குத்தான் தெரியும். அண்ணன் நம்ம வீட்ல ஒரு ராத்திரிகூடத் தங்கினதில்ல."

மாப்பிள்ளை தலையாட்டினார்.

"நிஜமாவே மூணு நாள் தூக்கிட்டு நடந்தீங்களா?"

"மூணு நாள்தான்."

"முதுகு வலிச்சிருக்குமே."

பதினோரு வருடங்களில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. அந்த முதுகில் வந்த நானும் கேட்டதில்லை. மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கீழே போக லிஃப்ட் எங்கே என்று தேடினார்.