ஒரே பிங்கில் விழுந்த மெஷின்

தொண்ணூறுகளின் நடுவில் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கணினி அறையில் வேலை பார்த்தேன். அறையில் நாங்கள் இரண்டே பேர். இன்னொருவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். எனக்கு அவர் அண்ணே.

ஒரு நாள் காலை அண்ணே மின்னஞ்சலில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார். அளவுக்கு மீறிப் பெரிய ஒரே ஒரு பிங் அனுப்பினால் போதும், எதிரில் இருக்கும் கணினி அப்படியே நின்றுவிடும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். பிங் என்பது ஒரு கணினி இன்னொன்றிடம் “இருக்கிறாயா?” என்று கேட்பது. அதுவும் “இருக்கிறேன்” என்று சொல்லும். நாங்கள் தினமும் செய்கிற காரியம்.

“பொய் லா அண்ணே. கேள்வி கேட்டா மெஷின் செத்துப் போகுமா?”

“அப்ப போட்டுப் பாரு. அந்தப் பழைய மெஷின் சும்மாதானே இருக்கு.”

அதில் இலவசமாகக் கிடைத்த ஒரு இயங்குதளத்தைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தோம். என் கணினியிலிருந்து அதற்கு அந்தப் பிங்கைத் தட்டினேன். திரை உறைந்தது. எந்த விசையை அழுத்தியும் அசையவில்லை. மறுபடி ஓடவிட்டு மறுபடி தட்டினேன். மறுபடியும் விழுந்தது.

ஏன் விழுகிறது என்று தெரியாமல் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த இயங்குதளத்தின் மூலநிரல் எங்களிடம் இருந்தது. அதன் மையமான கெர்னலின் நெட்வொர்க் பகுதியை அச்செடுத்து, டத்தோ கிராமாட்டில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மடியில் வைத்துப் படித்தேன்.

“என்ன தங்கச்சி, ஜாதகமா?” என்று பக்கத்தில் இருந்த அக்கா கேட்டார்.

பெரிய செய்தி துண்டு துண்டாகத்தான் வரும். தன் இடம் எது என்று ஒவ்வொரு துண்டும் தானே சொல்லும். கெர்னல் அதை நம்பி அடுக்கும். மொத்த நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆனால் கடைசித் துண்டு அந்த எல்லையைத் தாண்டுகிறதா என்று கெர்னல் பார்க்கவேயில்லை. தாண்டினால், பக்கத்து நினைவகத்தில் இருப்பதன் மேலேயே எழுதிவிடும். இது பிடிபட்டபோது என் வீட்டு நிறுத்தம் போய்விட்டிருந்தது.

மறுநாள் ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன்: எல்லை தாண்டும் துண்டைத் தூக்கிப் போடு. கெர்னலை மறுபடி தொகுக்க மதியம் வரை ஆனது. பிங் அனுப்பினேன். விழவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். சோதனைப் பிரிவை ஓட்டும் பெரிய கணினி வேறு வகை. அதன் மூலநிரல் எங்களிடம் கிடையாது. அதுவும் விழுமா? “அதைத் தொடாதே” என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணே சாப்பிடப் போனார். நான் தட்டினேன்.

எங்கள் அறைக் கண்ணாடிக்கு அப்பால் சோதனைப் பிரிவின் திரைகள் எல்லாம் உறைந்தன. வேலையில் இருந்த பெண்கள் எழுந்து எங்கள் அறையைப் பார்த்தார்கள். அண்ணே ஓடி வந்து மெஷினை எழுப்பினார்.

“நீதானா?”

தலையாட்டினேன்.

“சரி, கரண்ட் ப்ராப்ளம்னு நான் சொல்லிக்கிறேன்.”

“வேணாம் அண்ணே. அப்படிச் சொன்னா ஓட்டை அப்படியே இருக்கும்.”

நானே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் சீனர்; கோபம் வந்தால் மலாய்க்கு மாறிவிடுவார். அன்று முழுக்க மலாயிலேயே திட்டினார். திடீரென்று நிறுத்தி, “வெளியிலிருந்தும் யாராவது இப்படிச் செய்ய முடியுமா?” என்றார்.

“முடியும்.”

“காட்டு.”

பழைய மெஷினில் திருத்தாத கெர்னலைப் போட்டுக் காட்டினேன். விழுந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “லாகி” என்றார். மலாயில், ‘இன்னொரு தடவை’.

வெளியிலிருந்து வரும் பிங்கையெல்லாம் அன்று மாலையே ரௌட்டரில் அடைத்தோம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு அண்ணே என்னைத் தனியாக விட்டுச் சாப்பிடப் போகவில்லை.

பெரிய கணினியைச் செய்த கம்பெனியின் திருத்தம் சில வாரம் கழித்து வந்தது. வேலை ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டோம். மேனேஜர் என்னை நகரச் சொல்லிவிட்டு, தானே அந்தப் பிங்கைத் தட்டினார். மெஷின் விழவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்றே எனக்குப் பட்டது.